காவடிக்கு முந்தைய முகாமில் சிறுநீரையும் பாருங்கள்

மொரீஷியஸ் முருகன் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கோயிலில் மருத்துவ முகாம் வைத்தால் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நல்ல காரியம். அதோடு சிறுநீரில் அல்புமின் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள் என்பதற்காகத்தான் இந்த மடல்.

நம் தீவில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்பது 1987-இல் நாடு முழுவதும் நடந்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது. இன்றும் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஆனால் "சுகர் எவ்வளவு?" என்று கேட்கிற அளவுக்கு யாரும் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருண்டு கிடக்கும் முடிச்சுகள்தான் அவை. ஆண்டுக்கணக்கில் சர்க்கரையும் அழுத்தமும் அந்தக் குழாய்ச் சுவரைக் கெடுக்க, அல்புமின் என்கிற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். வலி எதுவும் இருக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவுப்பொருளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அது ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் பாதித் திறன் போயிருக்கலாம். கசிகிறவருக்கு மாரடைப்பு அபாயமும் கூடுதல், ஏனென்றால் கெடுவது அந்த வடிகட்டிகளின் குழாய்கள் மட்டுமல்ல.

சிறுநீரில் 1 கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால், நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் அழுத்த மாத்திரைகளும் சில புதிய சர்க்கரை மாத்திரைகளும் சேதத்தைக் கணிசமாகத் தள்ளிப்போடும். அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இலவசம்தான். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பதற்கு யார் விலை போடுவது?

முகாமைத் தயவுசெய்து காவடி அன்று வைக்காதீர்கள். கடும் நடையும் காய்ச்சலும் நல்ல சிறுநீரகத்திலும் அல்புமினைக் கூட்டிக் காட்டும். விரதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே வையுங்கள். ஒருமுறை கூடியிருந்தால் மறுபடி பார்க்க நேரம் கிடைக்கும், மாத்திரைகளை எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்கவும் முடியும். விரதமும் வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேரும்போது சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். அதை அவர்தான் சொல்ல வேண்டும், வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர் அல்ல!

அப்புறம், காவடி இறக்கியதும் உடம்புவலிக்கு இப்யூபுரோஃபென் போடும் பழக்கம். நீர் வற்றிய உடம்பில், அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு, அது சிறுநீரகத்தை ஒரேயடியாக மடக்கிவிடக்கூடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தாலும் தீ மிதித்தாலும் கொப்புளம்கூடத் தெரியாது. அவர்களுக்கு வேறு தொண்டு கொடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அறிவிப்பைக் கிரியோலிலும் ஒட்டுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் நம் பிள்ளைகளில் பலருக்குப் படிக்க வராது.

அன்புடன்,
ஒரு பக்தர்