சூடான கோள்களும் மூலக்கூறுக் கோடுகளும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் இயற்பியல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். 700 ஒளியாண்டு தள்ளி வேறொரு விண்மீனைச் சுற்றும் வாஸ்ப்-39பி கோளில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று 2022இல் எப்படி அடித்துச் சொன்னார்கள் என்று அவள் கேட்டாளாமே. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் தரவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, எனக்கு அதில் பெரிய ஆதங்கம்.

கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது விண்மீன் ஒளியில் சிறு பங்கு கோளின் வளிமண்டலத்துக்குள் புகுந்து வருகிறது, அப்போது ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்கிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு விழுங்கப்பட்டது என்று காட்டும் அந்தக் கோளின் நிறமாலையில் 4.3 மைக்ரான் அருகே பெரிய மேடு, அது கார்பன் டை ஆக்சைடு. பக்கத்திலேயே 4.05 மைக்ரானில் இன்னொரு சின்ன மேடு இருந்தது. அதை சல்பர் டை ஆக்சைடு என்று அடையாளம் காண முடிந்ததே, அந்த மூலக்கூறு எங்கே எவ்வளவு விழுங்கும் என்ற பட்டியலை யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து கணக்கிட்டு வைத்திருந்ததால்தான்.

ஹிட்ரான் என்ற பழைய தரவுத்தளம் இருக்கிறதே, அது பூமியின் காற்றுக்காக உருவானது, 296 கெல்வினை, அதாவது சாதாரண அறை வெப்பத்தை, அடிப்படையாகக் கொண்டது. அந்த வெப்பநிலையில் மூலக்கூறுகள் பெரும்பாலும் ஆற்றல் மிகக் குறைந்த அடிமட்ட அதிர்வு நிலையிலேயே கிடக்கும். சூடான கோள்களில் 1000 கெல்வினைத் தாண்டினால் மேல் மட்டங்களும் நிரம்பிவிடும், ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் புதுப்புதுக் கோடுகள் (மூலக்கூறு ஒளியை விழுங்கும் குறுகிய அலைநீளங்கள்) கிளம்பும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமேயில்லை, ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது வலுவான கோடுகளுக்கு நடுவே ஒளி தப்பிக்கும் இடைவெளிகளை அடைத்துவிடும். இவற்றை ஆய்வகத்தில் அளந்து முடிக்கவே முடியாது. அதனால் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டென்னிசனும் யுர்சென்கோவும் நடத்தும் எக்ஸோமோல் குழு, குவாண்டம் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்தே பட்டியல் போடுகிறது. 2006இல் வந்த நீராவிப் பட்டியலில் சுமார் 50 கோடி கோடுகள். 2014இல் வந்த மீத்தேன் பட்டியலில் ஏறக்குறைய 1000 கோடி!

எண்ணிக்கை மட்டும் போதாது, கோடு சரியான இடத்தில் விழவேண்டும். டைட்டானியம் ஆக்சைடு கதையைப் பார். நுட்பமான நிறமாலையை ஆயிரக்கணக்கான கோடுகளோடு ஒரே நேரத்தில் பொருத்தித் தேடும் முறையில், கோடுகள் துளி விலகினாலும் சமிக்ஞை கரைந்துவிடும். எச்டி 209458பி கோளில் அதைத் தேடியவர்கள், கையில் இருந்த பட்டியலே துல்லியமாக இல்லை என்று 2015இல் எழுதினார்கள். ஆய்வகத்தில் அளந்த ஆற்றல் மட்டங்களையும் சேர்த்துத் திருத்திய புதுப் பட்டியல் 2019இல்தான் வந்தது. நடுவில் அந்த மூலக்கூறு "இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தால் அதை எப்படி நம்புவது? எந்தக் கட்டுரை வந்தாலும் எந்தப் பட்டியலைப் பயன்படுத்தினார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, மகளிடம் சொல்: எக்ஸோமோல் பட்டியல்கள் எல்லாம் இலவசம். மீத்தேனைத் தொடவேண்டாம், கோப்பு மலை மாதிரி இருக்கும். கார்பன் மோனாக்சைடை எடுக்கட்டும், இரண்டே அணு. 300 கெல்வினிலும் 2000 கெல்வினிலும் 4.7 மைக்ரான் பட்டையை (அங்கே நெருக்கமாகக் கூடியிருக்கும் கோடுகளை) வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். வரைந்ததும் எனக்கு அனுப்பச் சொல்.

அன்புடன்,
சேகர்