செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: புகையானும் யூரியாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு முறைப்படி கூடியது. பொங்கலை ஒட்டி மூத்த உழவர்களுக்குச் சால்வை அணிவித்தோம். வாய்க்கால் தூர்வாரக் கோரி மனு கொடுத்தோம். மண் பரிசோதனை முகாம் நடந்தது. விவரங்கள் தீர்மானப் புத்தகத்தில் உள்ளன.

விரிவாகச் சொல்ல வேண்டியது இலை வண்ண அட்டைத் திட்டம் பற்றி. வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் கொண்ட அட்டை அது. நெல் இலையை அதோடு ஒப்பிட்டு, யூரியா தேவையா என்று முடிவு செய்யலாம். "பூச்சிக்கு மருந்து கேட்டால் செயலாளர் அட்டையை நீட்டுகிறார்" என்று சிலர் வெளியில் பேசியதாக அறிந்தேன். அதற்குப் பதில் சொல்வது என் கடமை.

நெல்லைத் தாக்கும் பூச்சியான புகையான் தூரின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சர்க்கரை நிறைய, அமினோ அமிலம் குறைவு. சர்க்கரையை மட்டும் வைத்து உடம்பு வளராது, முட்டையும் உருவாகாது. புரதம் கட்ட அமினோ அமிலம் வேண்டும். அதிலும் லைசின், மெத்தியோனின், டிரிப்டோபன் உட்படப் பத்து அமினோ அமிலங்களைப் பூச்சிகளால் தாமே செய்துகொள்ள முடியாது. புகையானின் உடம்புக்குள் ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் குடியிருந்து, கழிவாகும் நைட்ரஜனைக்கூடத் திருப்பி எடுத்து அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. அந்த அளவுக்கு அதற்குத் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பஞ்சம்.

நாம் யூரியாவை அள்ளி வீசும்போது அந்தப் பஞ்சம் தீர்ந்துவிடுகிறது. எடுத்த தழைச்சத்தை எல்லாம் பயிரால் உடனே புரதமாக்க முடியாது. மிச்சம் அஸ்பராஜின், குளுட்டமின் போன்ற அமினோ அமிலங்களாகச் சாற்றில் ஓடுகிறது. குஞ்சுகள் அதிகம் பிழைக்கின்றன, தாய்ப்பூச்சி கூடுதலாக முட்டையிடுகிறது. பொட்டாஷ் போடாமல் விட்டாலும் புரதம் கட்டுவது தடைப்பட்டு அமினோ அமிலம் தேங்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று அரை மூட்டை கூடுதலாக வீசுவது சின்ன விஷயம் அல்ல.

இது என் சொந்தக் கற்பனையும் அல்ல. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முட்கோ என்ற இந்திய நெல் ரகத்தைச் சோதித்த சொகாவாவும் பதக்கும் 1970இல் எழுதினார்கள்: அந்தப் பயிரில் புகையான் ஊசி போன்ற வாயைக் குத்திப் பார்க்கிறது, தொடர்ந்து குடிப்பதில்லை. அஸ்பராஜின் குறைவாக இருப்பதை அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார்கள். முட்கோவின் எதிர்ப்புத் திறனைக் கொண்ட ஐ.ஆர். 26 ரகம் 1973இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் தின்னும் புகையான் வந்துவிட்டது. ரகத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது, உரமிடும் கையும் நிதானமாக இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வது இதனால்தான்.

சரி, அட்டைக்கு வருவோம். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, நன்கு விரிந்த மேல் இலையை, நம் நிழலில் வைத்து, பத்துக் குத்துகளில் பார்க்க வேண்டும். அட்டையில் பார்க்க வேண்டிய எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலைகளாவது அந்த எண்ணுக்குக் கீழே போனால்தான் மேலுரமாக யூரியா. இதற்கு யாரும் படித்திருக்க வேண்டியதில்லை.

வயல்வெளிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இதைச் செய்தார்கள். அவர்கள் வயலில் புகையானே விழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வராதவர்களின் வயல்களில் புகையான் தாக்கிப் பயிர் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்தபோது, நீண்ட இறக்கை உள்ள பூச்சிகள் கிளம்பி வரப்பைத் தாண்டி இவர்கள் வயலுக்குத்தான் வந்தன. அப்புறம் அவசரத்தில் சிலர் பைரித்திராய்டு மருந்து வாங்கி அடித்தார்கள். புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்தன, புகையான் திரும்பவும் பெருகியது. நடும்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விடுங்கள், தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. ஒருவர் வராமல் இருப்பதன் நஷ்டம் அவரோடு நிற்பதில்லை என்பதைப் பொதுக்குழு பதிவு செய்ய வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அட்டை வாங்கியதும் விளக்குப்பொறிச் செலவும் தேநீர்ச் செலவும் போகக் கையிருப்பு சொற்பம். சந்தா பாக்கி கையிருப்பைவிட அதிகம். பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் அட்டையை வாங்கிப் போனவர்கள், திருப்பித் தரவும் இல்லை.

கூட்டத்துக்கு இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், வந்து பேசிய வேளாண் அலுவலர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டும் என்று சிலர் அன்போடு கேட்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் குறுவை நடவுக்கு முன் வீட்டுக்கு ஓர் அட்டையாவது கொடுக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பழைய பாக்கியை ஒரே தவணையில் கட்ட முடியாதவர்கள் என்னிடம் நேரில் சொன்னால் போதும், அறுவடைவரை பொறுக்கலாம். அட்டையை வைத்திருப்பவர்கள் இந்த மாதத்துக்குள் சங்கத்தில் சேர்க்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்