ஆயுள் வரி யாருடைய ஆயுளுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வியாழக்கிழமை வர வேண்டிய இதழ் சனிக்கிழமைதான் பெங்களூரு அல்சூர் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கார்டு போட்டாயிற்று, இப்போது அதை விடுகிறேன். வாகனப் பக்கத்தில் உங்கள் கட்டுரையாளர், வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காரை ஷோரூமில் கொடுத்துப் புதுசு எடுக்கிற எக்ஸ்சேஞ்சில் போடுகிறவர்கள் ஆடம்பரப் பிரியர்கள், தேய்மானம் எல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எழுதியிருக்கிறார். 63 வயதில், ரேஷன் பருப்பைப் புடைத்துக் கொட்டி வைக்கிற என்னை ஆடம்பரப் பிரியை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். மிக்க நன்றி.

என் ஆடம்பரம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் ஒரு சின்ன பெட்ரோல் வண்டி வாங்கினோம். கியர் வண்டி. வீட்டுக்காரர் நாற்பது வருடமாகக் கியர் போட்டு ஓட்டியவர், "ஆட்டோமேட்டிக் எல்லாம் பொம்மை வண்டி" என்பார். ஆகஸ்டில் அவருக்கு இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மகள் வீடு கே.ஆர்.புரம் பக்கம். பென்னிகானஹள்ளியிலிருந்து தொங்கு பாலம் வரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு க்ளட்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்பது அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். பொம்மை வண்டியே வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனோம். ஓடியிருந்தது 6,200 கிலோமீட்டர். சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை.

எங்கள் வண்டிக்கு விலை போட வந்த ஷோரூம் பையன் கிருஷ்ணகிரிக்காரன், நல்ல தமிழ். பெயிண்ட் கனம் பார்க்கிற கருவியை வண்டியின் முதுகெல்லாம் வைத்து வைத்து எடுத்தான். பிறகு ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இது 2024 மாடல் ஆன்ட்டி" என்றான். வாங்கியது 2025 பிப்ரவரியில்தானே என்றேன். தயாரித்தது 2024 நவம்பராம். அன்றைக்குப் புது வருஷத்து ஸ்பெஷல் என்று 15,000 தள்ளுபடி கொடுத்துப் பல்லை இளித்தார்களே, அது இதற்குத்தான். பூஜை போட்டு, நாலு எலுமிச்சம்பழம் நசுக்கி, சோமேஸ்வரர் கோயில் வாசலில் நிறுத்திய வண்டிக்கு அப்போதே மூன்று மாதம் வயது ஏறியிருக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். ஷோரூம் விலை 8,40,000. கர்நாடகத்தில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 14 சதவீதம், அதன் மேல் செஸ் என்று கூடுதல் வரி வேறு. இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது 10,10,000. பையன் சொன்ன விலை 5,95,000. எக்ஸ்சேஞ்ச் போனஸ் 15,000 சேர்த்து 6,10,000. பதினோரு மாதத்தில் நான்கு லட்சம் நஷ்டம். கிலோமீட்டருக்கு 64 ரூபாய், பெட்ரோல் தனி. எங்கள் ஊரில் ஆட்டோ மீட்டர் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். (மீட்டர் போடுகிற ஆட்டோ கிடைத்தால். அது வேறு கடிதம்.)

இந்த நான்கு லட்சத்தில் உங்கள் கட்டுரையாளர் சொல்கிற தேய்மானம் எவ்வளவு தெரியுமா? 1,70,000 வரியும் இன்ஷூரன்ஸும். அது தேயவில்லை, கட்டிய அன்றே போய்விட்டது. அதிலும் ஆயுள் வரி என்று பெயர். வண்டியின் ஆயுளுக்கு நான் கட்டிவிட்டேன், அனுபவித்தது பதினோரு மாதம். மிச்ச வருடங்களை அடுத்து வாங்குகிறவர் கர்நாடகத்திலேயே ஓட்டினால் சும்மா அனுபவிப்பார். எனக்குச் சொன்ன விலையில் அதற்கு ஒரு ரூபாய் கிடையாது. அடுத்து 71,000. அது ஜிஎஸ்டி குறைந்ததில் போனது. 2025 செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். கொலுப்படிக்கு வேட்டி விரித்துக்கொண்டிருந்தேன். சின்ன கார் வரி 18 சதவீதமாகக் குறைந்தது என்று டிவியில் ஒரே கொண்டாட்டம். நீங்களும் அட்டையில் பரிசுப் பொட்டலம் படம் போட்டீர்கள். என் மாதிரி 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் வண்டி அன்று காலையிலேயே விலை இறங்கிப் போனதே, அதற்கு உள்ளே ஒரு பெட்டிச் செய்தி உண்டா? வரி குறைந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. எங்களையும் ஞாபகம் வைத்திருக்கலாம். உண்மையான தேய்மானம் மிச்சமுள்ள 1,59,000 மட்டும்தான்.

வண்டியின் வயதுக்கு ஏற்ப மதிப்பில் எவ்வளவு கழிப்பது என்று இன்ஷூரன்ஸ்காரர்களாவது ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, அப்புறம் வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்து வருடத்தில் 50. கொழுந்தனார் அந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எனக்கு மனப்பாடம். ஷோரூமில் இந்தப் பட்டியலைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "எங்களுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு ஆன்ட்டி" என்கிறான் பையன். 2024 டிசம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் பழைய சின்ன வண்டிகளுக்கு 12லிருந்து 18 ஆக்கினார்கள், வாஸ்தவம். ஆனால் அந்த வரி அவர்கள் வைக்கிற லாபத்துக்கு மட்டும்தான், வண்டியின் முழு விலைக்கு இல்லை. சொன்னேன். மேனேஜரைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனவன் காபியோடு வந்தான்.

எனக்கு எக்ஸ்சேஞ்ச் என்றாலே பயம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டரை ஒரு கடையில் கொடுத்துப் புதுசு எடுத்தோம். பெயர் மாற்றம் "ஆகிடும் ஆகிடும்" என்றார்கள். இரண்டு வருடம் யாரோ ஹெல்மெட் இல்லாமல் போனதற்கெல்லாம் டிராஃபிக் போலீஸ் நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு போட்டோவில் மூன்று பேர். விபத்து நடந்திருந்தால் நஷ்டஈட்டுக்கு எங்களைத்தான் பிடித்திருப்பார்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30, வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்ட ரசீது, இந்த மூன்றும் கையில் வராமல் சாவி தரக்கூடாது என்று உங்கள் பக்கத்தில் ஒருநாளும் படித்ததில்லை. புது வண்டியின் சன்ரூஃப் பற்றி மட்டும் அரைப் பக்கம். பெங்களூரு வெயிலுக்கும் தூசிக்கும் சன்ரூஃப்!

எங்கள் அப்பா காலத்தில் பஜாஜ் சேத்தக் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வண்டி வந்த அன்றே, போட்ட பணத்துக்கு மேல் தருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்கு வந்து உட்கார ஆளும் இல்லை, திண்ணையும் இல்லை.

இப்போது வண்டி வாசலில் நிற்கிறது. பாலிசி பிப்ரவரியில் முடிகிறது. அதுவரை பொறுத்தால் க்ளைம் எதுவும் கேட்காததற்குப் பிரீமியத்தில் தள்ளுபடியாக 20 சதவீதம் நோ க்ளைம் போனஸ் எங்கள் கணக்கில் வரும், அது வண்டியோடு போகாது, புது வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். பொறுத்தாலோ, "ஒரு வருஷம் தாண்டின வண்டி ஆன்ட்டி" என்று பையன் இன்னும் குறைப்பான். வெளியாள் ஒருவர் 6,45,000 வரை கேட்டிருக்கிறார், அவரோடு பேச்சு நடக்கிறது. வாரம் ஒருமுறை மருமகன் வந்து ஸ்டார்ட் செய்து அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டு நிறுத்துகிறார்.

ஆசிரியருக்குத் தெரியாதது இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கார் விலை போடும்போது சென்னை ஷோரூம் விலையோடு நிறுத்தாமல், ரோட்டுக்கு வரும் விலையையும், கூடவே பெங்களூரு விலையையும் பொடி எழுத்திலாவது போடுங்கள். இங்கேயும் உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், இரண்டு நாள் கழித்து என்றாலும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். ஷோரூம் பையன் படிக்க மாட்டான், நாத்தனார் படிப்பார். நான்கு லட்சம் கதை அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
ஓர் ஆடம்பரப் பிரியை,
அல்சூர், பெங்களூரு – 8