பெயர் இல்லாத மவுத்பீஸ்

வவுனியா

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை சரிவந்தது பெரிய சந்தோஷம். முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்கிறதென்றால் சிறுபோகத்துக்கும் தண்ணீர் காணும்.

பங்குக் கோவில் பாண்ட் வாத்தியக் குழுவின் பெட்டிக்குள் பெயர் எதுவும் இல்லாமல் கிடக்கிற ஆறு சக்சபோன் மவுத்பீஸையும், அதாவது வாயில் வைத்து ஊதுகிற முனைகளை, எறிவதா என்று கேட்டிருந்தாய். எறியாதே. சத்தத்தைத் தீர்மானிப்பது மேலே குத்திய பெயர் இல்லை, ரீட், அதாவது அதில் கட்டி ஊதுகிற மெல்லிய நாணல் தகடு, போய் மூடுகிற விளிம்பு. அது நேராக இருந்தால் பெயர் இல்லாததும் நல்ல சாமான்தான்.

பெயர் இல்லாமல் வருவது புதிதும் இல்லை. அமெரிக்காவில் எல்க்காட் நகரத்தில் 1919இல் தொடங்கிய பபிட் கொம்பனி, வேறு கொம்பனிகளின் பெயருக்கும் மவுத்பீஸ் செய்து கொடுத்தது. குத்திய எழுத்தில் பூசுகிற தங்க மை காலப்போக்கில் போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் சிலவேளை எழுத்தின் பள்ளம் மட்டும் தெரியும். மலிவு சக்சபோனோடு சும்மா வருகிற பிளாஸ்டிக் ரகத்தில் அநேகமாக அதுவும் இராது.

முதலில் இனம் பிரி. அடியில் கோர்க் சுற்றியிருந்தால் அது கிளாரினெட்டினுடையது. சக்சபோனில் கோர்க் கழுத்துக் குழாயில் இருக்கும், மவுத்பீஸ் அதன் மேல் ஏறும். சிறிய ரகமான அல்ரோ சக்சபோனினுடையது ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் நீளம், அதைவிடப் பெரிய ரெனருடையது 10 வரும்.

அடுத்தது பொருள். பெருவிரலால் அழுத்திச் சூடு வரத் தேய்த்து மணந்து பார். கந்தக மணம் வந்தால் எபொனைற், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய இறப்பர். பச்சையோ மண்ணிறமோ ஏறியிருந்தாலும் அதுதான். வெயில் பட்ட குணம், சத்தத்துக்குக் கேடில்லை. காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லுவார்கள், கேளாதே. கொதிதண்ணீரும் ஆகாது, நிறமும் போகும், வளையவும் கூடும். பச்சைத்தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். உங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தால், பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்து உடனே கழுவு.

இனித்தான் முக்கியமான வேலை. நாதஸ்வரக்காரர் சீவாளியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல, நுனியை உன் பக்கம் திருப்பிப் பார். இரண்டு பக்க விளிம்பும் ஒரே அகலமா, நுனி விளிம்பு ஒரு மில்லிமீற்றருக்குள் ஒரே சீராக ஓடுகிறதா என்று கவனி. நுனியில் நகம் மாட்டுகிற அளவு உடைவு இருந்தாலும் காற்று அதில் கசியும். நுனி விளிம்பு தடித்திருந்தால் ரீட் மந்தமாக எழும்பும், அடிச்சுரம் பிந்தித்தான் வரும்.

பிறகு மோட்டார் சைக்கிள் கராஜில் எஞ்சினின் டப்பட் இடைவெளி பார்க்கிற பீலர் கேஜைக் கேட்டு வாங்கு; வெவ்வேறு தடிப்பில் உலோக இலைகள் சேர்ந்த கருவி அது. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றை ரீட் படுக்கிற தட்டை இடத்தில் வைத்து இறுக்கிப் பிடி. கண்ணாடிக்கும் விளிம்புக்கும் நடுவில் 0.05 மி.மீ. இலையை நுனிப் பக்கமாக நுழைத்து, தானாக நிற்கிற இடம்வரை மெல்ல விடு. தள்ளாதே. நுனியிலிருந்து அது நின்ற இடத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று அள. அல்ரோவில் 20ஐ ஒட்டி வருவது சாதாரணம். இலக்கத்தைவிடப் பெரிது, இலை நேராக நின்றதா என்பது. இடப்பக்கம் 18, வலப்பக்கம் 20 என்று சரிந்து நின்றால் ரீட்டின் ஒரு பக்கம் முந்தி மூடும், மறுபக்கம் திறந்து கிடக்கும். பிள்ளைகளின் சக்சபோன் காரணமில்லாமல் கீச்சிடுவது பல நேரம் இதனால்தான். அதற்குப் பிள்ளையை ஏசுவார்கள், பாவம்.

கண்ணாடியை எடுக்காமலே நுனித் திறப்பையும் பார். 1.00, 0.60 இலைகளைச் சேர்த்து நுழைக்க இறுக்கமாக நின்றால் 1.6 மி.மீ.; அது யமகா கொம்பனியின் 4சி என்ற அல்ரோ மவுத்பீஸின் அளவு. செல்மர் கொம்பனியின் எஸ்80 சி ஸ்டார் 1.7. இந்த அளவுகளுக்கு இரண்டரை நம்பர் ரீட் பொருந்தும்; நம்பர் கூடக் கூட ரீட் விறைப்பு. 2 மி.மீ. தாண்டினால் இரண்டாம் நம்பரில் தொடங்கட்டும்.

தட்டை இடத்தில் மார்க்கர் பேனையால் கோடுகள் போட்டு, கண்ணாடியில் விரித்த 1000 நம்பர் சாண்ட்பேப்பரில் தண்ணீர் தெளித்து ஒரே ஒரு முறை இழு. நடுவில் மை அழியாமல் நின்றால் அங்கே குழி. வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதால் இது வரும். கொஞ்சக் குழியை ரீட் தாங்கிக்கொள்ளும். குழி போகும்வரை தேய்க்க ஆசைப்படாதே. தட்டை இடம் இறங்க இறங்க நுனித் திறப்பும் குறையும். எபொனைற் தூசு சுவாசத்துக்குக் கூடாது, அதனால் காயவிட்டுத் தேய்க்காதே.

தேறியவற்றை ஊதிப் பார்க்கச் சொல். நனைத்த ரீட்டைக் கட்டி, அடித் துவாரத்தை உள்ளங்கையால் மூடிக் காற்றை இழுக்க, ரீட் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் நின்று ‘டப்’ என்று விடவேண்டும். பிறகு சக்சபோனில் மாட்டி, சுருதி காட்டும் ரியூனரில் ஏ 440க்குச் சேர்க்கட்டும். கோர்க் முடிய உள்ளே தள்ளியும் சுருதி குறைவாகவே நின்றால், மவுத்பீஸின் உள்ளறை அந்தச் சக்சபோனுக்குப் பெரிது. சுருதி கூடி, வெளியே இழுத்து இழுத்து கோர்க் விளிம்பில் ஆடுகிறதென்றால் சிறிது. இரண்டையும் பிள்ளை கடித்தோ உதட்டைத் தளர்த்தியோ சரிசெய்யப் பழகிவிடுவான், அந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்.

ஆறுக்கும் இலக்கமிட்டு, ஒவ்வொன்றின் இடம், வலம், நுனித் திறப்பு மூன்றையும் எழுதி அனுப்பு. சரிவு ஒரு மில்லிமீற்றருக்குள் இருப்பவற்றை பஸ்ஸில் போட்டுவிட்டாயானால் நான் நேராக்கி, மடுத் திருவிழாவுக்கு முன் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்