நிலைக்கு வேம்பு போதும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வீடு கட்டத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். தேக்கு விலை கேட்டு மலைத்துப்போய், வாசல் நிலைக்கு என்ன மரம் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். உன் தோட்டத்து வேம்பே போதும். முற்றிய மரமாகப் பார்த்து வெட்டு, உள்ளே கெட்டியாக இருக்கும் வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டையை ஒதுக்கிவிடச் சொல். வெட்டிய கையோடு இழைக்க விடாதே. நம் ஊரில் முன்பெல்லாம் கட்டையை மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் காயவைத்துத்தான் வேலைக்கு எடுப்பார்கள், மரத்தில் இருக்கும் சத்து நீரில் இறங்கிவிட்டால் வண்டு அண்டாது.

நீ கேட்டது இவ்வளவுதான், ஆனால் அதிலிருந்து எனக்கு வேறு யோசனைகள் ஓடுகின்றன.

நம் ஆசாரிமார் ஒரு மாட்டுவண்டிக்கே எத்தனை மரம் பார்த்தார்கள்! சக்கரத்துக்கு நாட்டுக் கருவேலம் (சீமைக்கருவேலத்தைச் சொல்லவில்லை, அது பிற்பாடு வெளியிலிருந்து வந்து காட்டையெல்லாம் பிடித்துக்கொண்டது), ஏனென்றால் நடுக்குடமும் ஆரக்காலும் சுற்று வட்டையும் பாரத்தையும் குழியையும் தாங்க வேண்டும். நுகத்தடிக்கு மட்டும் நுணா மாதிரி லேசான மரம், மாட்டின் கழுத்துக்கு வலிக்கக் கூடாது என்று. அப்புறம் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றுவது. இரும்பு வளையத்தைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக அடித்து, சுற்றிலும் எரு அடுக்கித் தீ மூட்டி, அது விரிந்ததும் இடுக்கியால் நாலு பேர் தூக்கிவந்து சக்கரத்தில் மாட்டித் தட்டுவார்கள், மரம் புகையும்போதே தண்ணீரை ஊற்ற, இரும்பு சுருங்கி ஆரக்கால் ஒவ்வொன்றும் முறுமுறுவென்று குடத்துக்குள் இறங்கி இறுகும். அந்த இறுக்கத்தைத் தாங்காத மரமாக இருந்தால் சக்கரம் அங்கேயே கோணிவிடும்.

செக்குக்கு வாகை, கூரை வாரைக்குப் பனை. பனைக்கு வைரம் வெளிப்பக்கம், நடுவில் மெத்து, அதனால் வயதான மரமாகப் பார்த்துப் பிளந்து ஓரத்தைத்தான் எடுப்பார்கள். தண்ணீரிலேயே கிடக்க வேண்டிய வேலை என்றால் அத்தி. காஞ்சிபுரம் அத்திவரதர் நாற்பது வருஷம் குளத்துக்குள் இருந்துவிட்டு 2019இல் 48 நாள் வெளியே தரிசனம் தந்தாரே, அவர் அத்தி மரத்தில் செய்த திருமேனிதான்.

எனக்கு உறுத்துகிற விஷயம் இதுதான். வேலை இருந்தவரைதான் மரத்துக்கு ஊரில் இடம் இருந்தது. களத்துமேட்டு வாகையை யாரும் விறகுக்குக் கேட்க மாட்டார்கள், அது நாளைக்கு ஒருவருடைய செக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது வண்டிக்கு டயர், கலப்பைக்கு இரும்பு, கதவுக்கு பிளைவுட். வாகையும் நுணாவும் வெறும் விறகாகி, வெட்டினால் மறுபடி வைப்பாரும் இல்லை. காட்டை அழித்தவர்களைத் திட்டுகிறோம், அது சரி, ஆனால் வரப்போரத்து மரங்கள் போனது நமக்கு அவற்றோடு வேலை இல்லாமல் போனதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலை விடாமல் இருக்கிற இடத்தில் இன்னும் மரத்துக்கு மதிப்பு இருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதான் வேண்டும், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவை இன்றும் தேடிப்போய் வாங்குகிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் ஆச்சா மரம் கேட்பார்கள், அதிலும் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற, பல வருஷம் காய்ந்த உத்திரமாக இருந்தால் விடமாட்டார்கள். 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உன் பழைய வீட்டைப் பிரிக்கும்போது உத்திரத்தையும் விட்டத்தையும் பழைய இரும்போடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடாதே. என்ன மரம் என்று தெரிந்த ஒரு ஆசாரியை முதலில் கூட்டிவந்து காட்டு.

வேம்பு ஒன்றை வெட்டினால் இரண்டு வை. வேலியோரம் பூவரசும் வைக்கலாம், கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே பிடித்துக்கொள்ளும், பின்னாளில் கட்டில் நாற்காலிக்கு நல்ல மரம். எங்கள் வாய்க்காலோரம் நிறைய நிற்கிறது, ஐப்பசி மழை பிடித்ததும் போத்து வெட்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். குழி மட்டும் தோண்டி வைத்திரு.

அன்புடன்,
உன் நண்பன்