எல்லாம் பொருந்துகிறது என்றாயாமே, பாப்பா

பாப்பா,

கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுப்பதைக் கணக்கிடும் உன் கம்ப்யூட்டர் மாடல் நன்றாக ஓடுகிறது, எல்லாம் பொருந்தி வருகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லவில்லையாம். சரி, வேலை இருந்திருக்கும், அதை நான் கேட்கப்போவதில்லை. ஆனால் கணக்கு அடி அடியாக முன்னேறும் அந்த டைம் ஸ்டெப் சுருங்கிச் சுருங்கி ரன் அப்படியே நின்றுபோகிறது என்று ராத்திரி எல்லாம் என்னிடம் புலம்பிய பெண், இப்போது ஒரே மூச்சில் எல்லாம் சரியாகிவிட்டது என்றால் எனக்கு என்னவோ உறுத்துகிறது.

மீத்தேனைத் தண்ணீர்க் கூட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் பனிக்கட்டி மாதிரியான சரக்கு அது, ஹைட்ரேட் அவ்வளவு சுலபத்தில் பிடி கொடுக்காதே. கிணற்றில் அழுத்தத்தைக் குறைத்தால் அது உடைகிறது, உடைவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள மண்ணிடமிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது, மண் குளிர்ந்ததும் உடைவது மந்தமாகிறது, சில இடங்களில் வெளியே வந்த மீத்தேன் திரும்பவும் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரேட்டாகி வந்த வழியையே அடைத்துவிடுகிறது. மாடலின் ஒரே கட்டத்துக்குள் வாயு, தண்ணீர், ஹைட்ரேட், சில சமயம் பனிக்கட்டி என்று மாறிக்கொண்டே இருந்தால் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் திணறத்தான் செய்யும். கிணற்றை ஒட்டிக் கட்டங்களை நெருக்கினால் கேட்கவே வேண்டாம். அது திணறுவதில் உன் தப்பு ஒன்றுமில்லை என்று அப்போதே சொன்னேன், நீதான் காதில் வாங்கவில்லை.

என் பயம் வேறு. துளைகளில் ஹைட்ரேட் அடைத்திருக்கும்போது பெர்மியபிலிட்டி, அதாவது மண்ணுக்குள் வாயுவும் தண்ணீரும் ஓட வழி, எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதற்கு நீ ஒரு அடுக்கு எண் போடுகிறாய் அல்லவா, அதைக் கொஞ்சம் நகர்த்தினாலே வாயு வரத்து எங்கேயோ போய்விடும். அப்படி இரண்டு மூன்று எண்களை இஷ்டத்துக்கு நகர்த்த விட்டால் எந்தக் கோட்டையும் எந்தப் புள்ளிகள்மேலும் உட்கார வைத்துவிடலாம். நீ அப்படிச் செய்தாய் என்று சொல்லவில்லை. உன்னை யாராவது அவசரப்படுத்துகிறார்களோ என்று மட்டும்தான் யோசிக்கிறேன். பெரியப்பா விஷயம் உனக்கே தெரியும், திரும்ப எழுத வேண்டாம்.

பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றே எழுது. உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நீயே எழுதியதுதானே: 2006-ல் கிருஷ்ணா-கோதாவரி படுகையில் துளையிட்டபோது, 10-ஆம் இடத்தில் களிமண் விரிசல்களுக்குள் கிட்டத்தட்ட 130 மீட்டர் கனத்துக்கு ஹைட்ரேட். துளைக்குள் இறங்கி அளந்த மின்தடைப் பதிவை (லாக்) எடுத்து, அதிலிருந்து துளைவெளியில் என்ன இருக்கிறது என்று கணக்கிடும் ஆர்ச்சி சூத்திரத்தில் போட்டால் துளைவெளியில் பெரும்பங்கு ஹைட்ரேட்தான் என்று வந்தது; அழுத்தம் குறையாமல் மேலே கொண்டுவந்த மண் மாதிரியோ, அதாவது பிரஷர் கோர், அதைவிட மிகக் குறைவு என்றது. ஹைட்ரேட் துளைகளில் சீராகப் பரவிக் கிடக்கிறது என்று சூத்திரம் நினைத்துக்கொண்டது, ஆனால் அங்கே விரிசல்கள் ஏறக்குறைய செங்குத்தாக நின்றன. இரண்டும் முட்டிக்கொண்டதால்தான் விரிசல் நிற்கும் திசையையும் கணக்கில் சேர்த்தார்கள். அன்றைக்கு யாராவது ஒரு எண்ணைத் திருகி இரண்டையும் சமாதானப்படுத்தியிருந்தால்?

நான் நிலத்துக்கடியிலிருந்து திரும்பி வரும் அதிர்வலைகளைப் படமாக்கும் சைஸ்மிக் பிராசஸிங்கிலேயே தலை நரைத்தவன். பி.எஸ்.ஆர். என்கிற அந்த எதிரொலிக் கோடு எப்படிக் கண்ணை மயக்கும் என்று எனக்குத் தெரியும். கடல்தரையை அப்படியே ஒட்டிக்கொண்டு, வண்டல் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, அலையின் துருவம் தலைகீழாக ஒரு கோடு. பார்த்ததும் இதோ ஹைட்ரேட்டின் அடித்தளம் என்று கை நீளும். ஆனால் 1995-ல் அட்லாண்டிக் கடலடியில் இருக்கும் பிளேக் ரிட்ஜில் அந்தக் கோடே தெரியாத இடத்தில் துளைத்தபோதும் ஹைட்ரேட் கிடைத்தது. கோடு இல்லை, அதனால் சரக்கும் இல்லை என்று மாடலில் பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறாயா? பார்த்துக்கொள்.

அப்புறம் மணல். 2013-ல் நான்காய் பள்ளத்தில் ஜப்பான்காரர்கள் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து முதன்முதலாக வாயு எடுத்தார்கள், சுமார் 1,20,000 கன மீட்டர் வந்தது, ஆறு நாளில் கிணற்றுக்குள் மணல் வந்து எல்லாம் நின்றது. உன் மாடலில் மண் நகருமா? ஹைட்ரேட் உடைந்தபின் மணலைப் பிடித்துவைக்க ஆளில்லையே. நகராது என்று வைத்திருந்தால் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் அதை முதல் பக்கத்திலேயே எழுது, பின்னிணைப்பில் ஒளித்துவைக்காதே.

நீ போன வருஷம் அனுப்பிய வெப்பநிலைப் படத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். கிணற்றை ஒட்டிக் கருநீலம், அங்கிருந்து வெளிர்நீலம், அந்த ஓரத்தில் பல் பல்லாக ஒரு விளிம்பு. அதுதான் உடையும் முகப்பு என்று வருகிறவர்களிடம் எல்லாம் விளக்கி அம்மாவிடம் திட்டு வாங்குகிறேன். அந்தப் படத்தில் ஒரு மூலையில் பச்சையாகத் திட்டு ஒன்று இருந்தது. இது ஏன் என்று கேட்டதற்கு, தெரியலைப்பா, அதான் இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன் என்றாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? புதுப் படத்தில் அந்தத் திட்டு இருக்கிறதா? இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் எதை மாற்றியதால் போனது என்று மட்டும் சொல்.

ஒழுங்காகத் தூங்கு. பொருந்தாத ரன்களை அழித்துவிடாதே, தனி ஃபோல்டரில் போட்டுவை, அதில் மிக மோசமான ஒன்றை எனக்கு அனுப்பு. யாரிடமும் காட்டமாட்டேன், அம்மாவிடம்கூட. பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றே எழுது, அதற்காக ஒரு வருஷம் கூடுதலாக ஆனால் ஆகட்டும், பணத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

தம்பி விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டேன். அவனே கூப்பிடுவான், திட்டாமல் கேள்.

அப்பா