பதிலாள் வரும்வரை: கல்விச் சட்டத்தைத் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அமைச்சின் அதிகாரிகளுக்கும், வடமாகாண ஆளுநருக்கும், மாகாணக் கல்வித் திணைக்களத்தாருக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. பிறந்தது வடமராட்சியில். முதல் நியமனம் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், படகேறித்தான் போகவேண்டிய ஒரு பாடசாலைக்கு. கடைசி 4 வருடங்கள் வேறொரு சிறிய பாடசாலையில் கடமைநிறைவேற்று அதிபராக, அதாவது நிரந்தர அதிபர் வரும்வரை பொறுப்பைப் பார்ப்பவராக, இருந்தேன். ஆசிரியர் தகைமை, இடமாற்றம், பாடசாலை நிர்வாகம் பற்றிய விதிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தத் தீவின் இறங்குதுறைதான். அதைப் பற்றிச் சொல்லிவிட்டு என் கோரிக்கைக்கு வருகிறேன்.

தீவகத்தில் என் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றக் கடிதம் வந்தது. கடைசி வரி: “பதிலாள் கடமையேற்றதும் விடுவிக்கப்படுவீர்கள்.” எந்தத் திகதிக்குள் என்று அதில் இல்லை. யார் பதிலாளைத் தேடித் தரவேண்டும் என்றும் இல்லை. அந்தக் கடிதத்தோடு நான் 2 வருடமும் 5 மாதமும் காத்திருந்தேன். அம்மா படுக்கையில் இருந்த காலம் அது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரமுடியாமல் போனால் அந்தக் கிழமை அம்மாவைப் பார்க்க ஏலாது.

ஆனால் நான் எழுத வந்தது என் காத்திருப்பைப் பற்றி அல்ல. ஒருநாள் பதிலாள் வந்தார். நல்ல பிள்ளை, புதிய பட்டதாரி. அவரின் நியமனப் பாடம் வரலாறு. ஒருவர் போனார், ஒருவர் வந்தார். ஆளணிப் பட்டியல் நிரம்பிவிட்டது. நான் புறப்பட்ட அன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இறங்குதுறைவரை பெட்டி தூக்கி வந்தார்கள். கயிறு அவிழ்க்கும்போது ஒருத்தி கேட்டாள்: “ரீச்சர், இனி எங்களுக்கு கணக்கு ஆர் எடுக்கிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வருடம் அவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை. கணிதம் சித்தியடையாத பிள்ளைக்கு அதன் பிறகு வழி எவ்வளவு சுருங்கிப்போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வரலாற்று ஆசிரியை தன்னால் ஏலுமானவரை கணிதப் புத்தகத்தை இரவிரவாகப் படித்து வகுப்பெடுத்தார் என்று பிறகு அறிந்தேன். அவர்மீது எந்தக் குறையும் இல்லை. தெரியாத பாடத்தோடு ஒரு இளம்பெண்ணைத் தனியே வகுப்புக்குள் விட்டது நிர்வாகம்.

எங்கள் கல்வி முறையின் அடிப்படைச் சட்டம் இன்றும் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம்தான். பிரித்தானியர் காலத்தில் எழுதப்பட்டது. அதன்மேல் இலவசக் கல்வி வந்தது, 1960இல் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன, 1986இல் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிகளுக்கான சட்டம் வந்தது, 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்குப் பாடசாலைகள் பிரிக்கப்பட்டன. ஆசிரியர் சேவை, அதிபர் சேவை இரண்டுக்கும் பிரமாணக் குறிப்புகள், அதாவது சேவை விதிகள், வர்த்தமானியில் தனித்தனியே உள்ளன. சுற்றுநிருபங்களுக்கோ கணக்கில்லை. பணியிலிருந்த காலத்தில் இவற்றையெல்லாம் நான் தேடித்தேடி வாசித்தேன். வாசித்தபின் மனதில் நின்றது ஒன்றுதான். ஆசிரியர் இன்ன தகைமை பெறவேண்டும், இன்ன காலத்துக்குள் பெறவேண்டும், தவறினால் பதவி உயர்வு பாதிக்கப்படும் என்று எங்கள் பக்கக் கடமைகள் எல்லாவற்றுக்கும் காலக்கெடு இருக்கிறது. நிர்வாகத்தின் கடமைக்கு “கிடைத்ததும்”, “இயன்றவரை”, “சேவையின் தேவை கருதி” என்ற சொற்கள்தான் இருக்கின்றன.

புதிய விதிகளில் இதை மாற்றுங்கள். என் கோரிக்கை முழுவதும் இதற்குள் அடங்கும். ஆசிரியருக்குத் திகதி வைத்தால் அலுவலகத்துக்கும் ஒரு திகதி வையுங்கள்.

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டதாரி ஆசிரியர் அதைப் பெறவேண்டும் என்பது மிகச் சரி. பாடம் தெரிவது வேறு, படிப்பிக்கத் தெரிவது வேறு. வகுப்பில் நின்ற எவரும் இதை மறுக்கமாட்டார்கள். கல்வியியற் கல்லூரிப் பிள்ளைகள் 2 வருடம் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி செய்துவிட்டு வரும்போது, முதல் நாளே கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தாலே அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் டிப்ளோமா வகுப்பு சனி, ஞாயிறில் யாழ்ப்பாணத்தில் நடக்கும்போது, நெடுந்தீவில் படிப்பிக்கும் ஆசிரியைக்கும் யாழ்ப்பாண நகரை ஒட்டிய திருநெல்வேலியில் வீட்டோடிருந்து படிப்பிக்கும் ஆசிரியைக்கும் அது ஒரே டிப்ளோமா அல்ல. முன்னவர் வெள்ளி பின்னேரப் படகைப் பிடிக்கவேண்டும், திங்கள் காலைப் படகில் திரும்பவேண்டும், படகு ஓடாத நாளுக்கு விடுமுறை எழுதவேண்டும். கஷ்டப் பிரதேசத்தில் இருப்பவருக்குக் கற்கை விடுமுறையும், அந்த நாட்களில் வகுப்பைப் பார்க்க ஒரு பதில் ஆசிரியரும் உரிமையாக எழுதப்படட்டும். சலுகையாக எழுதினால், யாராவது ஒருவரின் மேசையில் நின்றுதான் அதைக் கேட்டு வாங்கவேண்டி வரும்.

ஆளணியைத் தலை எண்ணிக்கையில் கணக்கிடுவதையும் நிறுத்துங்கள். 60 பிள்ளைகளுக்கு 9 ஆசிரியர் என்றால் கடதாசியில் அது மேலதிகம். அந்த 9 பேரில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் எடுக்க நியமனம் பெற்றவர் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை பாடவேளை நியமனப் பாடத்துக்கு வெளியே எடுக்கப்படுகிறது என்று நேரசூசியைப் பார்த்து எண்ணினால் உண்மை தெரியும். ஒவ்வொரு தவணையும் அதிபர் இந்தக் கணக்கை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும், வலயம் அதை வெளியிடவேண்டும் என்று ஒரு விதி போதும். இதற்குப் புதிய செலவு எதுவும் இல்லை.

இனி அதிபர்கள். கடமைநிறைவேற்று அதிபராக நான் இருந்த 4 வருடமும் வாரத்துக்கு 18 பாடவேளை கணிதம் எடுத்தேன். மீதி நேரத்தில் காசேடு, சத்துணவுப் பதிவு, இடாப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம், கோட்டக் கல்வி அலுவலகக் கூட்டம். அதிபர் சேவைத் தரம் இல்லை. பொறுப்பு முழுவதும் உண்டு. ஒருநாள் மழையில் மலசலகூடச் சுவர் சாய்ந்தது. பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லை, அது கடவுள் செயல். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அதை எழுதும்போது என் கை நடுங்கியது, ஏனென்றால் திருத்த வேலைக்கு நான் 3 தடவை எழுதியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வந்த பதில், நிரந்தர அதிபர் வந்தபின் பார்க்கலாம் என்பது. நாடு முழுவதும் கடமைநிறைவேற்று அதிபர்கள் சேவைக்குள் உள்வாங்கக் கோரி எத்தனை வருடம் போராடினார்கள். அவர்களின் பிரச்சினையோடு சேர்த்து இதையும் யோசியுங்கள்: தற்காலிக அதிபர் ஒருவர் ஒரு பாடசாலையில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கவேண்டி வந்தால், அந்த ஒரு வருடத்தின் முடிவில் நிர்வாகம் நிரந்தர அதிபரை அனுப்பவேண்டும், முடியாவிட்டால், அங்கிருப்பவருக்கு அதிபருக்குரிய அதிகாரமும் படியும் தானாகவே கிடைக்கவேண்டும்.

தொண்டராசிரியர்களையும் மறக்கவேண்டாம். யுத்த காலத்தில் சம்பளமும் இல்லாமல் வகுப்புகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். தகைமையைக் கூட்டும் எந்த விதியும், அவர்களில் எஞ்சியிருப்போருக்கு அந்தத் தகைமையைப் பெற ஒரு வழியைத் தந்தபிறகே அவர்கள்மீது பாயவேண்டும்.

வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கல்வி பற்றி ஒரு நியதிச்சட்டத்தை, அதாவது மாகாணச் சட்டத்தை, விவாதிக்க எங்களால் தெரிவுசெய்யப்பட்ட அவை அதன்பின் இல்லாமல் போனது. அதனால்தான் உங்கள்மேல் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. வரைவை வர்த்தமானிக்கு அனுப்பமுன் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடும் அதே நாளில் தமிழிலும் வெளியிடுங்கள். யாழ்ப்பாணத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். தீவக வலயத்துக்கான கூட்டத்தை நகரத்து மண்டபத்தில் வைக்காமல் தீவுப் பாடசாலை ஒன்றில் வையுங்கள். காலைப் படகில் வந்தால் பின்னேரம் திரும்பலாம். கூட்டம் தொடங்கமுன் பத்தாம் வகுப்புக்குள் போய், உங்களுக்குக் கணக்கு ஆர் எடுக்கிறது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.